பழைய காரின் ஏர் சஸ்பென்ஷனை வீட்டிலேயே சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் பழைய பெரிய கார்களை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் வண்டி காலையில் படுத்துக்கிடக்கும், சர்வீஸ் சென்டர் சொன்ன தொகை வண்டியின் விலையில் பாதி இருக்கும், விற்கவும் மனசு வராது. அவர்களுக்காக எழுதியது இது. வேலையில் முக்கால்வாசியை வீட்டில் செய்ய முடியும், மீதிக் கால்வாசியைச் செய்யவே கூடாது, எது எது என்பதுதான் விஷயம்.

எந்தக் கார்களுக்கு இது பொருந்தும்?

1998-ல் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், அதாவது டபிள்யூ 220, அதற்குப் பின் 2005-ல் வந்த டபிள்யூ 221, இ கிளாஸில் சில, ஆடி க்யூ 7, ஏ 8, லேண்ட் ரோவர் டிஸ்கவரி, ரேஞ்ச் ரோவர். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான், நட்டு போல்ட் இருக்கும் இடம்தான் மாறும். இந்த யோசனையே பழசு, 1957-ல் காடிலாக் எல்டோராடோ ப்ரோம், 1961-ல் மெர்சிடிஸ் 300 எஸ்இ என்று அப்போதே காற்றில் ஓடிய கார்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. மெர்சிடிஸ் எஸ்எல், சிஎல் மாதிரி சில கார்களில் இருப்பது ஏபிசி, அதாவது ஆக்டிவ் பாடி கன்ட்ரோல், அது காற்று இல்லை, எண்ணெய். அதில் அழுத்தம் 200 பார் வரை போகும், சிறு ஓட்டை வழியாகப் பீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்த வண்டி வைத்திருந்தால் இந்தப் பக்கம் உங்களுக்கானது இல்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது?

கம்பிச் சுருளுக்குப் பதில் ரப்பர் பலூன். மெக்கானிக்குகள் பெல்லோஸ் என்பார்கள், பலூன் என்றால் எல்லோருக்கும் புரியும். ஒரு கம்ப்ரசர் காற்றை அடிக்கிறது, ஒரு டிரையர் அந்தக் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கிறது, வால்வ் பிளாக் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று பிரித்து அனுப்புகிறது, சில வண்டிகளில் காற்றைச் சேர்த்துவைக்க ஒரு தொட்டியும் உண்டு. அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் லெவல் சென்சார் வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கணினிக்குச் சொல்கிறது.

அழுத்தம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பலூன் மேல் 500 கிலோ எடை இறங்குகிறது, பலூனின் பயன்படும் பரப்பு 65 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் உள்ளே ஏறக்குறைய ஏழரை பார் வேண்டும். உங்கள் டயரில் இருப்பது இரண்டு, இரண்டேகால் பார்தான். அதாவது டயரைப் போல மூன்று மடங்கு, அதுவும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத ரப்பரில். அந்த ரப்பர் வண்டி ஓடும் நேரம் முழுக்க ஒரே மடிப்பில் மேலும் கீழும் உருண்டுகொண்டே இருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷம் உழைத்தால் அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

காலையில் வண்டி ஒரு பக்கம் படுத்திருக்கிறது. எதைச் சந்தேகப்படுவது?

முதலில் அளந்து பாருங்கள், கண்ணளவு வேண்டாம். இரவு வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிவையுங்கள். காலையில் கதவைத் திறக்காமல், ரிமோட்டைத் தொடாமல் மறுபடி அளந்து பாருங்கள். கதவைத் திறந்தாலே சில கார்களில் கணினி விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும், அப்புறம் உங்கள் அளவுக்கு அர்த்தம் இல்லை.

ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பலூன், அல்லது அதற்குப் போகும் குழாய், அல்லது வால்வ் பிளாக்கில் அந்தச் சக்கரத்துக்கான வால்வு. முன்பக்கம் இரண்டும் சேர்ந்து இறங்கினால் வால்வ் பிளாக் பக்கம் பாருங்கள், ஆனால் இரண்டு பலூனுக்கும் வயது ஒன்றுதான் என்பதையும் மறக்க வேண்டாம். இரவு முழுக்க அளவு மாறவில்லை, ஆனாலும் வண்டி கோணலாகவே நிற்கிறது என்றால் அது கசிவே இல்லை. லெவல் சென்சாரின் சின்னத் தண்டு உடைந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். சில நூறு ரூபாய்ச் சாமானுக்குப் பலூனையே மாற்றியவர்கள் உண்டு.

நாலு பக்கமும் ஒரே மாதிரி சில மில்லிமீட்டர் இறங்கினால் பயப்பட வேண்டாம். கத்திரி வெயிலில் மாலை 40 டிகிரியில் நிறுத்திய வண்டி விடியற்காலை 28 டிகிரிக்கு வரும்போது உள்ளே இருக்கும் காற்று சுமார் நூற்றுக்கு நாலு பங்கு சுருங்கும். அது இயற்பியல், ரிப்பேர் இல்லை.

கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். வண்டி உயர்ந்து நிற்கும்போதே ஸ்ட்ரட்டின் (பலூனும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல்முனையில் குழாய் நுழையும் பித்தளை இணைப்பு, வால்வ் பிளாக்கின் ஒவ்வொரு இணைப்பு, பிறகு பலூன் என்று வரிசையாக அடியுங்கள். பெரிய கசிவு உடனே நுரைக்கும். சின்னக் கசிவு ஒரு நிமிஷம் கழித்து வெள்ளையாய்ப் பூத்து நிற்கும், அவசரப்பட்டால் அது கண்ணில் படாது.

பலூனில் கசிவு வரும் இடம் அனேகமாக ஒன்றுதான், கீழே அலுமினியக் குழல் மேல் ரப்பர் மடங்கி உருளும் அந்த மடிப்பு. சில ஸ்ட்ரட்டில் அதைத் தூசி உறை மூடியிருக்கும், அதைக் கீழே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பழைய பலூனைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மேலே ரப்பர் கருப்பாய் நல்லபடி இருக்கும், மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் ஒரு வளையம் சாம்பல் பூத்து, விரலால் விரித்தால் முடிபோல நூற்றுக்கணக்கில் வெடிப்பு, அதில் ஒன்றிரண்டில் உள்ளே இருக்கும் நூல் எட்டிப் பார்க்கும். வண்டி உயரத்தில் நிற்கும்போது அந்த வெடிப்பு ஓரிடத்தில் இருக்கும், ஆள் ஏறினால் வேறிடம் மடிப்பாகும். அதனால்தான் சிலருக்குக் கசிவு ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. சோப்பு அடிக்கும்போது உயரத்தை ஒருமுறை கூட்டி, ஒருமுறை குறைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

கம்ப்ரசரும் சத்தம் போடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிக் கெட்டது?

இதைத்தான் எல்லோரும் தனித்தனிக் கேடு என்று நினைக்கிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தும்போது அதில் இருக்கும் ஈரத்தை டிரையரில் உள்ள மணிகள் உறிஞ்சிக்கொள்ளும். வண்டி இறங்கும்போது அதே காற்று, காய்ந்த காற்றாக, அதே டிரையர் வழியாகத் திரும்பி வெளியேறும். போகும்போது மணிகளில் இருந்த ஈரத்தையும் தூக்கிக்கொண்டு போய்விடும். இப்படி ஏறும்போது ஈரமாகி இறங்கும்போது காய்வதால்தான் டிரையர் வருஷக்கணக்கில் உழைக்கிறது. இப்போது பலூனில் ஓட்டை விழுந்துவிட்டது. காற்று உள்ளே போகிறது, ஆனால் டிரையர் வழியாகத் திரும்புவதில்லை, ஓட்டை வழியாகவே போய்விடுகிறது. மணிகள் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கின்றன, காயவே வாய்ப்பில்லை. கொஞ்ச நாளில் நிரம்பிவிடும், அப்புறம் தண்ணீர் நேராக வால்வ் பிளாக்குக்குள் போய் அங்கே துரு, பச்சை பூத்து வால்வு ஒழுங்காக மூடாது, இன்னொரு கசிவு. இதற்கிடையில் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடி அதன் பிஸ்டன் வளையம் தேய்கிறது. அடிக்கடி மின்சாரம் பாய்ந்து, கம்ப்ரசரை ஓடவைக்கும் சுவிட்சான ரிலேயின் முனைகள் கருகி ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் கம்ப்ரசர் ஓடும், பேட்டரி இறங்கும், மோட்டார் எரியும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கசிவு, அடுத்து டிரையர் மணி, அதோடு ரிலே, கடைசியில்தான் கம்ப்ரசர். கசிவை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரசர் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். சின்னக் கசிவுதானே, தினமும் ஏறிவிடுகிறதே என்று ஒத்திப்போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஒரு பலூன் செலவு நாலு செலவாக மாறுவது அந்த மாதங்களில்தான்.

கம்ப்ரசரை நானே பிரிக்கலாமா?

தாராளமாக. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, காற்றுக் குழாயைக் கழற்றி, மூன்று ரப்பர் புஷ்ஷில் தொங்கும் யூனிட்டை வெளியே எடுத்தால் மேஜை மேல் வைத்துச் செய்யும் வேலை. சிலிண்டர் தலையைத் திறந்ததும் கருப்புத் தூள் இருக்கும், அது தேய்ந்த வளையம். வளையம் டெஃப்லான் வகை, ரிப்பேர் கிட்டில் ஓ-ரிங்கோடு வரும். சிலிண்டர் சுவரை நகத்தால் தடவுங்கள், கீறல் தட்டுப்பட்டால் வளையம் மட்டும் போட்டுப் பயனில்லை, சிலிண்டரும் மாற வேண்டும். எண்ணெய், கிரீஸ் எதுவும் சிலிண்டருக்குள் பூசக் கூடாது, அது வறண்டு ஓடுவதற்காகவே செய்தது.

டிரையரின் மூடியைத் திறந்து மணிகளை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். நல்ல மணி ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும். கெட்டது பிசுபிசுத்து ஒட்டும், அல்லது உடைந்து மாவாகியிருக்கும். பழையதைச் சட்டியில் வறுத்து மறுபடி போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், வேண்டாம். மாவாகிய மணி வால்வுக்குள் போனால் வேலை இரட்டிப்பு. அதே அளவு புது மணி வாங்கிப் போட்டு, இரு பக்கமும் இருக்கும் ஃபெல்ட் வடிகட்டியையும் மாற்றுங்கள்.

வடசென்னையில் இருப்பதால் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஆமாம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடல் காற்றில் உப்பு. பலூனைப் பிடித்திருக்கும் உலோக வளையத்துக்கு அடியில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து ரப்பரைத் தூக்கிவிடும், பலூன் நன்றாக இருந்தும் ஓரத்தில் கசியும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டுகிறவர்களுக்கு மடிப்பில் மணலும் தூசியும் சேரும், அது ரப்பரை அரைக்கும். வண்டி கழுவும்போது உயரத்தைக் கூட்டி நிறுத்தி, சாதாரண ஹோஸ் தண்ணீரால் மடிப்பைக் கழுவிவிடுங்கள். பிரஷர் வாஷர் நேராக அங்கே அடிக்க வேண்டாம்.

இன்னொரு பக்கம், நம் ஏரியாவுக்கு ஒரு நல்லதும் உண்டு. 1948-ல் தொடங்கிய அசோக் லேலண்ட் கம்பெனி எண்ணூரில் இன்னும் லாரி செய்கிறது, மணலி, மாதவரம் பக்கம் லாரிப் பட்டறைகள் ஏராளம். ஏர் பிரேக் தெரிந்த கைகள் இங்கே அதிகம், நைலான் குழாய், டிரையர், கசிவு என்றால் புதிதாக விளக்க வேண்டியதில்லை. லாரிக்காரரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள், நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு முன்னால் தெருவிலேயே செய்யலாமா?

தரை சமமான கான்கிரீட்டாக இருந்தால் செய்யலாம். பேவர் கல், மண், தார் மூன்றும் வேண்டாம், வெயிலில் இளகிய தாரில் ஸ்டாண்டின் கால் இறங்கும். பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி ஒரு ஆட்டோ போனாலே ஒதுங்க வேண்டிய சந்துகளில் இந்த வேலை வேண்டாம், தெரிந்தவர் பட்டறையில் ஒரு நாள் இடம் கேளுங்கள்.

இனி கட்டளையாகவே சொல்கிறேன். காற்று மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை நுழைக்காதீர்கள். ஒரு வால்வு திறந்தால் ஒன்றரை, இரண்டு டன் உங்கள் மேல் இறங்கும், கத்தக்கூட நேரம் இருக்காது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. தூக்குவதற்கு முன் ஆடி, லேண்ட் ரோவர் வண்டிகளில் ஜாக் மோடு (கணினி உயரத்தை மாற்றாமல் நிறுத்திவைப்பது) இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியைத் துண்டியுங்கள். குழந்தைகள் சாவியை எடுத்து விளையாடாதபடி அதை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள்.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது எங்கே தவறு நடக்கும்?

பித்தளை இணைப்பில். மெதுவாகக் கால் சுற்று தளர்த்தி, காற்று சீறி முடியும்வரை காத்திருங்கள். குழாய் வெளியே வந்தபிறகும் ஸ்ட்ரட்டுக்குள் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும், பலூன் சப்பையாகாமல் இருக்க வேண்டுமென்று அதற்கென்றே ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். பலூனை வெட்டப்போகிறீர்கள் என்றால் அந்த வால்வையும் முழுதாக எடுத்துக் காற்றை வெளியேற்றிய பிறகே கத்தியைத் தொட வேண்டும்.

குழாய் முனையைப் புது பிளேடால் நேராக, சாய்வில்லாமல் வெட்டுங்கள். சாய்ந்தால் எத்தனை முறுக்கினாலும் கசியும். நியூமேடிக் கடைகளில் கிடைக்கும் நீல நிற மென்மையான குழாய் வேண்டாம், அதன் தாங்கும் அழுத்தம் பெரும்பாலும் 10 பார் அளவுதான், இன்ஜின் சூட்டில் அதுவும் குறையும். கெட்டியான நைலான் குழாய், வெளி விட்டம் பழையதோடு சரியாகப் பொருந்துவது. டேம்பருக்கு, அதாவது ஷாக் அப்சார்பருக்குப் போகும் ஒயரும் பிரேக் ஹோஸும் இழுபடாமல் சக்கர ஹப்பைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள்.

பலூன் மட்டும் மாற்றினால் போதுமா, முழு ஸ்ட்ரட் வேண்டுமா?

டேம்பர் எண்ணெய் கசியாமல், கையால் அழுத்தினால் சீராக இறங்கி ஏறினால் பலூன் மட்டும் போதும். தண்டில் எண்ணெய் வடிந்திருந்தால் முழு ஸ்ட்ரட்தான். டேம்பரைத் துளைக்கவோ வெல்டிங் செய்யவோ கூடாது, உள்ளே வாயு அடைத்திருக்கிறது.

பலூன் மாற்றுவதில் கழற்றுவது, சுத்தம் செய்வது, ஓ-ரிங் போடுவது எல்லாம் வீட்டு வேலை. பலூனைப் பிடித்திருக்கும் உலோக வளையத்தை வெட்டும்போது கிரைண்டர் அலுமினியத்தைத் தொடக் கூடாது, முக்கால் ஆழம் வெட்டிவிட்டு மீதியை உளியால் பிளப்பது பாதுகாப்பு. பொரிந்த அலுமினியத்தை 400, பிறகு 600 எமரி தாளால், நீளவாட்டில் தேய்க்காமல் சுற்றுவட்டமாகத் தேயுங்கள், நீளவாட்டில் கீறல் விழுந்தால் அதுவே காற்றுக்கு வழி. ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

புது வளையத்தை அழுத்திப் பிடிக்க வைப்பது மட்டும் வீட்டு வேலை இல்லை. சாதாரண ஹோஸ் கிளாம்பு போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏழு, எட்டு பாரில், வேகத்தில், அது கழன்றால் ஒரு மூலை சட்டென்று இறங்கும். ஏர் ஸ்ட்ரட் ரீபில்டு செய்யும் பட்டறையில் சரியான கிரிம்ப் மெஷினில் கொடுத்து வாங்குங்கள். வாங்கியதும் 2 பார் மட்டும் ஏற்றி, பஞ்சர் கடைத் தொட்டியில் முக்கிப் பத்து நிமிஷம் பாருங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், வண்டியில் மாட்டாத ஸ்ட்ரட்டை எதுவும் பிடித்திருக்கவில்லை.

மாட்டியாயிற்று, இறக்கிவிடலாமா?

இல்லை, நில்லுங்கள். புதுப் பலூன் கெடுவது அதிகமும் இந்த நிமிஷத்தில்தான். காற்றில்லாத பலூன் மேல் வண்டி எடையை இறக்கினால் ரப்பர் தப்பான இடத்தில் மடியும், அந்த மடிப்பில் கிழியும். உள்ளே காற்று இருக்கிறது என்று உறுதியானபிறகே எடை.

வண்டியின் கணினியில் மாட்டும் ஸ்கேனரில் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் காற்று ஏற்றும் வசதி இருந்தால் அதுதான் சிறந்த வழி. இல்லாவிட்டால், யாரும் வண்டிக்கு அடியில் இல்லை என்று பார்த்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், பலூன் உருண்டு நிரம்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே. சக்கரம் முழுதாகத் தொங்கும்போது சென்சார் வண்டி உயரமாக இருப்பதாக நினைக்கும், அதனால் காற்று ஏற்றாது. சக்கரம் ஓரளவு மேலே வந்தபிறகுதான் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும். கம்ப்ரசர் சூடாகி இடையில் நின்றால் நிற்கட்டும், ஆறியதும் மறுபடி.

ஸ்கேனரில் அளவு திருத்தம் செய்ய வேண்டுமா?

பலூன், ஸ்ட்ரட் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் தேவையில்லை. லெவல் சென்சார், கன்ட்ரோல் ஆர்ம் மாற்றினால் கட்டாயம். வீல் அலைன்மென்ட் எப்படியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், உயரம் சரியான பிறகு.

சாமான் எங்கே வாங்குவது?

ஓ-ரிங், ஹார்டுவேருக்குப் பாரிமுனை. ரிலே, ஃபியூஸ், பொதுச் சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டையில் பிரித்த வண்டிகளின் சாமான் கிடைக்கும், வால்வ் பிளாக், சென்சார், காற்றுத் தொட்டி அங்கே வாங்கலாம். பழைய பலூனை மட்டும் அங்கே வாங்காதீர்கள். எத்தனை நாள் காற்றில்லாமல் சப்பையாகக் கிடந்ததோ யாருக்கும் தெரியாது, உங்களுடையது போலவே அதுவும் வயதானது.

பேசாமல் கம்பிச் சுருளுக்கு மாற்றிவிடலாமா?

கிட் கிடைக்கிறது, மாற்றலாம். வண்டி படுக்காது, நிம்மதி. ஆனால் உயரம் கூட்டும் வசதி போய்விடும், டேஷ்போர்டில் எச்சரிக்கை வராமலிருக்க கணினியை ஏமாற்ற வேண்டியிருக்கும், ஐந்து பேர் ஏறினால் பின்பக்கம் தொங்கும். என் கருத்து இதுதான்: எண்ணூர் சாலைப் பள்ளத்தில் அந்த வண்டி மிதந்து போகும் சுகத்துக்காகத்தானே அதை வைத்திருக்கிறீர்கள், அதை எடுத்துவிட்டு வெறும் கனமான வண்டியை ஏன் ஓட்ட வேண்டும்?

படுத்த நிலையில் பட்டறை வரை ஓட்டலாமா?

கூடாது. டயர் மட்கார்டில் உரசும், பலூன் நசுங்கும். தட்டு வைத்த ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள், முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கும் வகை வேண்டாம்.

டிசம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்றால்?

2015-லும் 2023-ல் மிக்ஜாம் புயலிலும் பார்த்ததுதான். பல கார்களில் கம்ப்ரசர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் ஏறும் முன் உயரத்தைக் கூட்டி மேட்டில் நிறுத்துங்கள். ஏற்கெனவே மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் கம்ப்ரசர் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். அது தண்ணீரை உள்ளே இழுத்தால் டிரையர், வால்வ் பிளாக் இரண்டும் சேர்ந்து போகும். வடிந்தபிறகு கம்ப்ரசரை வெளியே எடுத்துக் காயவைத்து, காற்றை இழுக்கும் குழாயின் வடிகட்டியை மாற்றி, மணிகளையும் புதிதாகப் போட்டபிறகே ஃபியூஸைத் திருப்பி மாட்டுங்கள்.